கிட்டார், பியானோ, கீபோர்டு, உன் அம்மா

அன்புள்ள ரூபன்,

நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகும் ஷேரனும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் தினமும் ஜெபம் நடக்கிறது. அதை உன் அம்மா பார்த்துக்கொள்கிறாள். நான் உன் கேள்விக்கு வருகிறேன். "அப்பா, ஷேரன் மியூசிக் கத்துக்கணும்னு சொல்றா. கீபோர்டு, டிஜிட்டல் பியானோ, கிட்டார், எது வாங்கலாம்? ஒரே வரியில சொல்லுங்க" என்று கோலாலம்பூரிலிருந்து மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். ஒரே வரியிலா? அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உன் அப்பாவை ஒரு வழி பண்ணியிருக்கின்றன என்று உனக்குத் தெரியாது. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனிதன், மேசையில் தாளம் போடக்கூடத் தெரியாதவன், திடீரென்று எதற்காக வாத்தியக் கடைகளில் ஏறி இறங்கினான் என்று நீயும் கேட்கவில்லை. பென்ஷன் வந்ததும் கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தாள்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. ஜெலுத்தோங்கில் நம் பிளாட்டின் அளவு உனக்குத் தெரியும். நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து "யாரு, ரூபனா? சாப்பிட்டானான்னு கேளுங்க" என்று குரல் வரும். மெசேஜில் எழுதினால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள், என் மூக்குக் கண்ணாடி பாதி நேரம் அவள் முகத்தில்தானே இருக்கிறது. ஆகவே அவள் பாசாருக்கு மீன், காய்கறி வாங்கப் போகும் காலை நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புவேன். மீன்காரரோடு அவள் சண்டை போடும் நேரத்தைப் பொறுத்து சில நாள் நிறைய எழுதுவேன், சில நாள் குறைவாக எழுதுவேன்.

முதலில் நீயும் நானும் பேசாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். நம் கோயில் கல்யாணங்களில் பூசையில் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய்ப் பூங்கொத்தை வைப்பார்கள். அப்போது ஒரு மாதா பாட்டு. பினாங்கில் நமக்குத் தெரிந்த எத்தனையோ பேர் கல்யாணத்தில் அந்தப் பாட்டை உன் அம்மாதான் பாடியிருக்கிறாள். ஸ்டெல்லா அக்கா பாடினால்தான் பூ வைப்பேன் என்று தேதியைத் தள்ளிப்போட்ட பெண்ணைக்கூட எனக்குத் தெரியும். போன வருஷம் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் அது நல்ல குரல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் மேல்மாடத்தில் பாடகர் குழுவோடு நின்று பழைய உயரத்துக்குக் குரலை ஏற்றப் பார்த்தபோது குரல் பாதி வழியில் உடைந்தது. அவள் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, படி இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதோடு சரி. வரப்போகும் உன் கல்யாணத்தில் பாடச் சொல்லி நீ போனில் கேட்டபோது "பேண்டு கூப்பிட்டுக்கடா தம்பி, நல்லா வாசிப்பாங்க" என்று சொன்னாள் அல்லவா, போனை வைத்த பிறகு வெங்காயமே இல்லாமல் அழுதாள். அன்றைக்குத்தான் நான் வாத்தியம் வாங்க முடிவு செய்தேன்.

யாராவது இறங்கின குரலுக்கு ஏற்ற மாதிரி வாசித்தால் அவள் பாடுவாள் என்று என் கணக்கு. யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் பாடகர் குழுவில் யாரிடம் வாயைத் திறந்தாலும் மறுநாள் உன் அம்மா காதுக்குப் போய்விடும். அதனால் நானே கற்றுக்கொள்வது என்று கிளம்பினேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

முதலில் கிட்டார். தூக்குவதற்கு லேசு, சுவரில் மாட்டலாம், கரண்ட் வேண்டாம். கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. "அங்கிள், புதுசா கத்துக்கிறவங்களுக்கு நைலான் கம்பி போட்டது நல்லது, விரல் வலிக்காது. சின்ன பாடி எடுங்க" என்று சொன்னான். எனக்கோ ஸ்டோர் புத்தி. ஒரே மாதிரி விலையில் பெரிய சாமான் கிடைக்கும்போது சின்னதை எடுப்பானேன்? இரும்புக் கம்பி போட்ட பெரிய கிட்டாராகப் பார்த்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து மடியில் வைத்ததும்தான் எனக்கும் கிட்டாருக்கும் நடுவில் என் தொப்பை இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. கம்பியைப் பார்க்கக் குனிந்தால் கிட்டார் எழும்புகிறது, கிட்டாரை அமுக்கினால் நான் எழும்புகிறேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். சோற்றில் கை வைக்க முடியாமல் ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டேன். உன் அம்மா கரண்டியை மட்டும் தினமும் பளபளவென்று கழுவி வைத்தாள்.

அதையும் பொறுத்திருப்பேன். சுருதியை மாற்ற கேப்போ என்று ஒரு கிளிப் இருக்கிறது, கிட்டாரின் கழுத்தில் மாட்டினால் போதும், தெரிந்த அதே விரல்களை வைத்தே வாசிக்கலாம் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கி வந்தேன். மாட்டி வாசித்தால் பாட்டு மேலே போகிறது. இன்னும் தள்ளி மாட்டினால் இன்னும் மேலே போகிறது. திருப்பி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் மேலேதான். கேப்போ சுருதியை ஏற்றுமே தவிர இறக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் அம்மாவின் குரலோ கீழே போயிருக்கிறது. சமையலறையிலிருந்து "ஏங்க, பூனையா?" என்று கேட்டாள். கம்பிகளையெல்லாம் தளர்த்தினால் இறங்கும் என்று கடைத் தம்பி போனில் சொன்னான். தளர்த்தினேன். சத்தம் கொடியில் ஈரத்துணி அடிக்கிற மாதிரி வந்தது. இப்போது அந்தக் கிட்டார் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, உன் அம்மா அதில் குடை மாட்டுகிறாள். ஷேரனுக்குக் கிட்டார்தான் ஆசை என்றால் நைலான் கம்பி, சின்ன உடல், கடையிலேயே உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்கச் சொல். கம்பி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால் வேண்டாம், அமுக்கி அமுக்கி வெறுத்துவிடுவாள்.

அடுத்தது டிஜிட்டல் பியானோ. இதற்கு உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். சும்மா பார்க்கப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன். கடை முழுக்க ஏசி, அமைதி. எண்பத்தெட்டுக் கட்டைகள், நிஜப் பியானோ மாதிரியே அழுத்தினால் கனமாக இறங்குகின்றன. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. உன் அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கடைக்காரச் சீனரிடம் மலாயில் கேட்ட முதல் கேள்வி, இதன் மேல் குடும்பப் போட்டோவும் பூச்சாடியும் வைக்கலாமா என்பதுதான். "போலே லா, ஆன்ட்டி" என்று அவரும் உற்சாகமாகத் தலையாட்டினார். அவள் உடனே பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். பியானோ பார்க்க அளவு டேப்போடு வந்த ஒரே பெண்மணி அவளாகத்தான் இருப்பாள்.

நான் அவள் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, சுருதியை எப்படி இறக்குவது என்று கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கட்டையையும் சேர்த்து அமுக்க வேண்டுமாம். அமுக்கினேன். எதையோ மாற்றி அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, பியானோ தானாகவே ஒரு பெரிய கச்சேரியை ஆரம்பித்துவிட்டது. நிறுத்த அமுக்கினால் சத்தம் கூடுகிறது. கையை எடுத்தாலும் வாசிக்கிறது. கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு சின்னப் பெண் கைதட்டினாள். நான் வேறு வழியில்லாமல் கட்டைகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு நானே வாசிப்பது போல நின்றேன். உன் அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்து "அலாமாக், எப்ப கத்துக்கிட்டீங்க?" என்றாள். அவள் நிஜமாகவே நம்பிய அந்த அரை நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம்.

பியானோ வராமல் போனது லிப்ட்டால்தான். நம் பிளாட்டின் லிப்ட் நம் மாடியில் நிற்காதே. மேல் மாடியில் இறங்கிப் படி இறங்க வேண்டும், அல்லது கீழ் மாடியில் இறங்கிப் படி ஏற வேண்டும். சாமான் கொண்டுவருகிற ஆட்கள் படிக்கட்டின் திருப்பத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஷேரன் கிரேடு பரீட்சையெல்லாம் எழுதி முறையாகப் படிக்கப் போகிறாள் என்றால் டிஜிட்டல் பியானோ வாங்கு, கட்டையின் கனம் விரலுக்குப் பழக வேண்டும். ஆனால் முதலில் உன் கொண்டோவில் லிப்ட் எங்கே நிற்கிறது என்று பார். வீடு மாறினால் அதையும் தூக்கிக்கொண்டு மாற வேண்டும் என்பதையும் யோசி.

கடைசியில் கீபோர்டு. பஸ்ஸிலேயே கொண்டுவரலாம். அறுபத்தொரு கட்டை, மடக்குகிற ஸ்டாண்டு. உன் அம்மா பெட்டியைப் பிரித்ததும் "பேரப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே விளையாட்டுச் சாமானா?" என்றாள். நான் தேடியது அதன் முகத்திலேயே இருந்தது. டிரான்ஸ்போஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். மைனஸை அமுக்க அமுக்க அதே விரல், அதே கட்டை, ஆனால் பாட்டு படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கோயிலில் நம் மோசஸ் அண்ணன் இத்தனை வருஷம் கீபோர்டு வாசிக்கும் ரகசியமும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. நம் கோயிலில் யாரும் சுருதி கேட்டுப் பாடுவதில்லையே. பாடுகிறவர் தனக்குத் தோன்றிய இடத்தில் ஆரம்பித்துவிடுவார், மோசஸ் அண்ணன் பின்னாலேயே ஓடிப் பட்டனை அமுக்கிப் பிடிப்பார். "எனக்கு வெள்ளைக் கட்டை மட்டுந்தான் தெரியும், கறுப்பெல்லாம் பட்டன் பாத்துக்கும் தம்பி" என்று அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். பொழுதுபோக்குக்கு என்று சொல்லி அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும் என்றபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை.

ஆனால் எவ்வளவு இறக்குவது? பாடமாட்டேன் என்று இருப்பவளிடம் எங்கே பாடுவாய் என்று கேட்க முடியுமா? ஒரு நாள் கண்டுபிடித்தேன். உன் அம்மா பாடுவதில்லையே தவிர, மீன் பொரிக்கும்போது முனகுகிறாள். துணி மடிக்கும்போதும் முனகுகிறாள். அவளுக்கே தெரியாது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காதை மட்டும் திறந்து வைத்து, அவள் முனகுகிற இடத்தைப் பட்டனால் தேடினேன். மைனஸ் இரண்டு, இல்லை. மைனஸ் மூன்று, இல்லை. ஹெட்போன் போட்டிருந்ததால் வெளியே பாட்டு கேட்காது, கட்டையின் டக் டக் சத்தம் மட்டும்தான் கேட்கும். "என்னத்த வெட்டுறீங்க?" என்று கேட்பாள். கொடுவா மீன் பொரித்த ஒரு மத்தியானம் மைனஸ் ஐந்தில் அவளும் கீபோர்டும் ஒரே இடத்தில் நின்றார்கள். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் முழுசான குரல், எங்கேயும் உடையவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய் நெடி என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், அவள் நம்பவில்லை, நீயாவது நம்பு. போன மாதம் அன்பியக் கூட்டம் நம் வீட்டில். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்து ஜெபமாலை சொல்லி, பாடி, பலகாரம் சாப்பிட்டுப் போகிற கூட்டம்தான். மோசஸ் அண்ணன் தாசேக் கெலுகோரில் மருமகன் புதுவீடு குடிபோகிற விசேஷத்துக்குப் போய்விட்டார். "அண்ணே, நீங்கதான் வாசிக்கிறீங்களே, ஒரு மாதா பாட்டு போடுங்க லா" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த மாதா பாட்டு ஒன்றுதான். சபையில் முதல் தடவை வாசிக்கும் பதற்றத்தில் மைனஸ் ஐந்து அப்படியே இருப்பதைப் பார்க்கவே இல்லை. பாட்டு தரையிலிருந்து கிளம்பியது. பெண்கள் முதல் வரியில் கீழே இறங்கிப் பார்த்துக் காற்று மட்டும் வந்து நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் கொஞ்ச தூரம் உறுமினார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்து வாசிக்கிறவன், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. சமையலறையில் வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டே உன் அம்மா பாடிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் மற்றவர்கள் நிறுத்தினது அவள் காதில் விழவில்லை. முழுப் பாட்டையும், கடைசிச் சரணம் வரைக்கும், தனியாகப் பாடினாள். முடித்துவிட்டுத் தட்டோடு வெளியே வந்தவள், எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, "என்ன எல்லாரும் பாடாம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவசரமாக வடையை எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "வேணும்னேதானே செஞ்சீங்க? என் மானத்த வாங்கணும்னு எத்தன நாள் திட்டம்?" திட்டம் இருந்தது உண்மை, ஆனால் அன்றைக்கு இல்லை என்பதை எப்படி விளக்குவது? நன்றாக இருந்தது ஸ்டெல்லா, எல்லாரும் அசந்துபோனார்கள் என்றேன். "வீட்டுல பாடுறது வேற. பெத்த புள்ள கல்யாணத்துல, அத்தன பேர் முன்னாடி, ஸ்டெல்லாவுக்கு ஆம்பளக் குரல் வந்துருச்சுன்னு சொல்லவா? அந்தப் பேச்சே வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஆகவே என் வேண்டுகோளைக் கேள். பட்டர்வொர்த் கோயிலில் நீ ஏற்பாடு செய்திருக்கும் பேண்டு எல்லாப் பாட்டையும் வாசிக்கட்டும். பூ வைக்கிற பாட்டுக்கு மட்டும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் கீபோர்டை மேலே வைக்காதே, முதல் வரிசையில் உன் அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வை. அவளிடம் எதுவும் கேட்காதே, கெஞ்சாதே. நீயும் ஷேரனும் பூங்கொத்தோடு மாதாவைப் பார்த்து நடங்கள், நான் மைனஸ் ஐந்தில் ஆரம்பிப்பேன். அந்தச் சுருதியில் கோயிலில் வேறு யாராலும் பாட முடியாது, அதை நான் அன்பியத்தில் பார்த்துவிட்டேன். அவள் பாடினால் பாட்டு. பாடாவிட்டால் உன் கல்யாண வீடியோவில் உன் அப்பா தப்புத் தப்பாகக் கட்டையைத் தட்டுவது மட்டும் காலத்துக்கும் இருக்கும், உன் பிள்ளைகள் போட்டுப் போட்டுச் சிரிப்பார்கள். அதற்கு நான் தயார். பெத்த பிள்ளை பூ வைக்கும்போது அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் என்னால் முடியாது.

உன் கேள்விக்குப் பதில், கீபோர்டு வாங்கு. விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறைகிறதா என்று பார், ஹெட்போன் துளை இருக்கிறதா பார், மைனஸ் பட்டன் முகத்திலேயே இருக்கிறதா பார். ஆனால் அதற்கு முன்னால் ஷேரனுக்கு எந்தப் பாட்டு வாசிக்க ஆசை என்று கேட்டாயா? என்னைக் கேட்கிறாயே, அவளைக் கேட்டாயா? சிம்பாங் அம்பாட்டில் அவள் வீட்டுக்கு நாம் போயிருந்தபோது கவனித்தேன், பாத்திரம் கழுவும்போது அந்தப் பிள்ளையும் முனகுகிறது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள், ரூபன். மற்றதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இதுவரைக்கும் நேற்றோடு எழுதி முடித்தது. கையெழுத்துப் போட்டு இன்றைக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் நான் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது உன் அம்மா உலர்ந்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் ஹெட்போனை எடுத்தேன். "அத ஏன் மாட்டுறீங்க, இத்தன வாரமா ஒரே பாட்டத் தட்டுறது எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள். நான் ஹெட்போனைக் கீழே வைத்தேன். அவள் உன் பழைய சட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, கீபோர்டை உற்றுப் பார்த்து, மைனஸை ஒரு தடவை அமுக்கினாள்.

"அவன் பூ வைக்கறப்ப நான் அழுவேன். அழுதா குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆறுல வச்சுக்குங்க."